குழந்தைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு தளம்

(மும்பை விக்ரோலியில் தமிழ் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பல நாடுகளில் குழந்தைகளுக்காக உழைக்கும் ஒரு தொண்டு நிறுவனம். அதன் ஊழியர்கள் அங்கங்கே பட்டுத் தெரிந்துகொண்டதை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள இணையத்தில் ஓர் அறிவுத் தளம் கட்டினால் அது எப்படி இருக்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். என் பிழைப்பும் பல காலமாக இந்த வேலையைச் சுற்றித்தான். கணினியைப் பற்றிக் கொஞ்சம் சொல்வேன். கணினிக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஆளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

விக்ரோலியிலிருந்தே தொடங்குகிறேன். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52இல் நடந்தது. அதற்கான இரும்பு வாக்குப்பெட்டிகளில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவை இந்த ஊரில், கோத்ரெஜ் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் அவருடைய சின்னம். வாக்காளர் எதையும் எழுத வேண்டாம், முத்திரை குத்த வேண்டாம். சின்னத்தைப் பார்த்து அந்தப் பெட்டிக்குள் சீட்டைப் போட்டால் போதும். 1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100 பேருக்குச் சுமார் 18 பேர்தான். அந்த 18 பேருக்கு வசதியாக ஒரு முறையை வகுத்துவிட்டு, மீதிப் பேரைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கப்போவது யார் என்று முதலில் யோசித்தார்கள், பிறகு முறையை வகுத்தார்கள். வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுத்த கதை நமக்குப் பக்கத்திலேயே, தேவ்னாரில் நடந்தது. டாட்டா சமூக அறிவியல் கழகத்தில், டிஸ் என்று நாம் சொல்லும் இடத்தில், ஜெரூ பில்லிமோரியா ஆசிரியராக இருந்தார். ரயில் நிலையங்களிலும் இரவுத் தங்குமிடங்களிலும் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போவார். அவசரம் என்றால் கூப்பிடு என்று தன் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வருவார். பிள்ளைகளும் கூப்பிட்டார்கள். அடிபட்ட பிள்ளை, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை, போலீஸ் பிடித்துப்போன பிள்ளை, எதுவும் இல்லாமல் சும்மா பேச ஆசைப்பட்ட பிள்ளை என்று ராத்திரியெல்லாம் மணி அடித்தது. 1996இல் அதுவே சைல்ட்லைன் ஆனது. கட்டணமில்லாத 1098, பத்து ஒன்பது எட்டு என்று இறங்கிவரும் எண். பள்ளிக்கூடமே போகாத பிள்ளையும் ஒரு தரம் கேட்டால் மறக்காது.

அந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. அழைப்பை எடுத்தவர்களிலும், உதவி கேட்ட பிள்ளையைத் தேடி ஓடியவர்களிலும் தெருவில் வளர்ந்த இளைஞர்களே பலர் இருந்தார்கள். தாதர் ஸ்டேஷனில் எந்த மூலையில் தூங்கலாம், எந்த ஆஸ்பத்திரி வாசலில் விரட்டுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பட்டம் வாங்கியவருக்கு அது தெரியாது. வந்த அழைப்புகளைப் பதிந்துவைக்க சைல்ட்நெட் என்ற மென்பொருளும் வந்தது. எந்த ஊரிலிருந்து எந்தத் துன்பத்துக்கு அதிகம் அழைக்கிறார்கள் என்பது அப்படித் திரண்டது. அந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸ், ரயில்வே, மருத்துவமனை ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2003இல் ஜெரூ பில்லிமோரியாவே சைல்ட் ஹெல்ப்லைன் இன்டர்நேஷனலைத் தொடங்கினார். அதன் தலைமையிடம் ஆம்ஸ்டர்டாம், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் குழந்தை உதவி எண்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. பிள்ளைகள் போனில் என்ன சொல்கிறார்கள் என்பதை நாடுகள் தாண்டித் தொகுத்து அறிக்கையாகவும் வெளியிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1990களில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பால்சகி என்று ஒரு திட்டம் நடத்தியது. அந்தந்தப் பகுதியிலேயே வளர்ந்த, பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள், வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் 2 மணி நேரம் தனியாக உட்காரவைத்து எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலிய பொருளியல் அறிஞர்கள் மும்பையிலும் வதோதராவிலும் அதை அளந்து பார்த்தார்கள், பிள்ளைகள் முன்னேறுவது தெரிந்தது. வயதை விட்டுவிட்டு, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து கற்பிப்பது என்ற அந்த வழி பின்னால் வளர்ந்து, இன்று ஜாம்பியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளின் அரசுப் பள்ளிகள் வரை போயிருக்கிறது.

இரண்டிலும் அறிவு எங்கிருந்து எங்கே போனது என்று கவனியுங்கள். லண்டனிலும் ஜெனீவாவிலும் நிபுணர்கள் எழுதுவார்கள், விக்ரோலியிலும் தாராவியிலும் நாம் படித்து நடப்போம் என்று ஓர் எண்ணம் நம் மனதில் ஊறிக் கிடக்கிறது. பல அறிவுத் தளங்கள் அந்த எண்ணத்தின் மேல்தான் கட்டப்படுகின்றன. நடந்ததோ வேறு. எந்தத் தளமாக இருந்தாலும் கீழேயிருந்து மேலே போகும் வழி அதில் அகலமாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இவையே காரணம்.

இப்போது ஒரு டீச்சரை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே விக்ரோலி பார்க்சைட் மேட்டில், ஒற்றை அறையில் பால்வாடி நடத்துகிறார். வீட்டில் தமிழ், சந்தில் இந்தி, மேலே அனுப்பும் பதிவேட்டில் மராத்தி. கையில் இருப்பது மூலையில் கண்ணாடி விரிந்த போன். வகுப்பில் ஒரு பையன், நான்கு வயது, வாயே திறப்பதில்லை. அம்மா கவலையோடு கேட்கிறார்: "டீச்சர், இவனுக்குக் காது கேக்குதா இல்லையான்னே தெரியல. ரெண்டு பாஷை பேசறதால குழம்பிட்டான்னு எங்க அத்தை சொல்றாங்க. தமிழை விட்டுடலாமா?"

மதியம் பிள்ளைகள் தூங்கும்போது டீச்சர் போனை எடுக்கிறார். அறிவுத் தளம் திறக்கிறது. முதல் பக்கத்தில் சிரிக்கும் குழந்தைகளின் பெரிய படம், அது முழுசாக வருவதற்குள்ளேயே டேட்டா கரைகிறது. பிறகு 'எங்கள் நோக்கம்', 'உத்திகள்', 'மண்டலங்கள்', 'ஆண்டறிக்கைகள்'. இவற்றில் எதற்குள் அந்தப் பையன் இருக்கிறான்? தேடும் கட்டத்தில் 'pesa maatengiran' என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார், நாம் எல்லோரும் வாட்ஸ்அப்பில் தட்டுவது போலத்தான். 'முடிவுகள் இல்லை' என்று வருகிறது. தமிழ் எழுத்தில் தட்டினாலும் அதே பதில். ஆங்கிலத்தில் தேடத் தெரிந்தவருக்கு மட்டும் 90 பக்கக் கையேடு ஒன்று கிடைக்கும், அவருக்கு வேண்டியது அதில் 61ஆம் பக்கத்தில் இருக்கும்.

அந்த டீச்சருக்கு உண்மையில் என்ன கிடைத்திருக்க வேண்டும்? ஒரு பக்கம் போதும். பையன் வீட்டில் பேசுகிறானா என்று முதலில் அம்மாவைக் கேளுங்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசி வகுப்பில் மட்டும் மௌனம் என்றால் அது வேறு விஷயம், அவசரப்படாமல் பழக வேண்டும். வீட்டிலும் பேசவில்லை என்றால், அவன் பார்க்காதபோது பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள், திரும்புகிறானா? ஒரு நாளோடு முடிவு கட்டாதீர்கள், சளி பிடித்திருந்தாலும் காது அடைக்கும். எப்படியிருந்தாலும் இந்த வயதில் பேச்சு வரவில்லை என்றால் காதைப் பரிசோதித்தே ஆக வேண்டும். மும்பையில் அதற்கு இடம் பாந்த்ரா மேற்கில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பிள்ளைக்குப் பேச்சு நின்றுபோகாது, வீட்டில் தமிழை விட வேண்டாம் என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். இவ்வளவுதான். கீழே, இதை எழுதியது யார், எந்த மருத்துவர் பார்த்துச் சரி சொன்னார், எந்த மாதம், அடுத்து எப்போது திருத்துவார்கள் என்று நான்கு வரி. தேதி போடாத ஆலோசனை பிள்ளைகள் விஷயத்தில் ஆபத்து. மருந்தின் அளவு மாறும், சட்டம் மாறும், தொலைபேசி எண் மாறும். 1098ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 முதல் அது மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் வந்து, மாநில மாவட்ட நிர்வாகங்கள் வழியாக நடக்கிறது, 112 அவசர எண்ணோடும் இணைக்கப்பட்டிருக்கிறது. எண் பழையது, அதன் பின்னால் ஓடிவரும் ஆட்களும் ஏற்பாடும் புதியவை. பழைய பக்கத்தைத் திருத்தாமல் விட்டிருந்தால் டீச்சர் தவறான வாசலில் போய் நிற்பார்.

ஒரு விஷயத்தை எந்த அறையில் வைப்பது என்ற சிக்கலை நம் ஊர்க்காரர் ஒருவர் எப்போதோ தீர்த்துவைத்தார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன, அவற்றில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. ரங்கநாதனின் கோலன் பகுப்புமுறை 1933இல் வந்தது. ஒரு நூலை ஒரே அலமாரிக்குள் அடைக்காமல், அது எதைப் பற்றியது, அதில் என்ன பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று பல முகங்களாகப் பிரித்துச் சேர்ப்பது அதன் அடிப்படை. இன்று துணி வாங்கும் செயலியில் அளவு, நிறம், விலை என்று தனித்தனியாகத் தட்டிச் சலிக்கிறோமே, அதற்குப் பின்னால் இந்தச் சிந்தனை இருக்கிறது. குழந்தைகள் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான அடுக்குமுறை எனக்குத் தெரியாது. பிள்ளையின் வயது என்ன, எங்கே இருக்கிறது (வீடா, பள்ளியா, கட்டட வேலை நடக்கும் இடமா, ரயில் நிலையமா), என்ன சிரமம், நான் இப்போது செய்ய வேண்டியது என்ன, எந்த ஊர். டீச்சர் இவற்றில் இரண்டைத் தட்டினாலே மூன்று பக்கத்துக்குள் விஷயம் சுருங்கி வந்துவிட வேண்டும். நிறுவனத்தின் துறைகள் எத்தனை என்பது டீச்சருக்குத் தேவையே இல்லாத செய்தி.

மொழிக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பிரதம் புக்ஸ் பெங்களூரிலிருந்து 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று ஸ்டோரிவீவர் என்ற தளத்தைத் திறந்தது. குழந்தைகளுக்கான படக்கதைகள், எல்லாம் இலவசம். இலவசமாகக் கொடுப்பது பெரிதில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து, தன் மொழிக்கு மாற்றி, அச்சடித்து, விற்கக்கூடச் செய்யலாம், எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் போட்டால் போதும் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்தார்கள். மொழிபெயர்க்கும் கருவியையும் தளத்துக்குள்ளேயே வைத்தார்கள். தலைமையகத்தின் அனுமதிக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் தொடங்கியபோது 24 மொழிகளில் இருந்த கதைகள் இன்று 300க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிருக்கின்றன. அச்சில் ஒரு பாடப்புத்தகம்கூட இல்லாத பழங்குடி மொழிகளும் அதில் உண்டு.

பல தொண்டு நிறுவனங்கள் தங்கள் கையேடுகளின் அடியில் 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று அச்சிடுகின்றன. குழந்தைக்குப் பேதி வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் எப்படிக் கலப்பது என்பதற்கு யாரிடமிருந்து என்ன பாதுகாப்பு? நன்கொடையாளர்களின் பணத்தில் எழுதிய அறிவு அது. தளத்தின் முதல் நாளிலேயே உரிமத்தைத் திறந்துவிட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது நடக்கவே நடக்காது.

தமிழுக்கு ஆள் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து சேர்த்த வேலை. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா, 2005இல் ஈழத்து நூல்களுக்காக நூலகம் திட்டம். உலகம் முழுவதும் சிதறியிருக்கும் ஒரு மொழிக்கூட்டம் தானாக ஒருங்கிணைந்து இணையத்தில் அறிவைச் சேர்த்த அனுபவம் நமக்கு நிறையவே இருக்கிறது. குழந்தைகளுக்காக வாருங்கள் என்றால் மாட்டுங்கா மாமாவும் வருவார், டொரான்டோ அண்ணனும் வருவார். ஆனால் மொழிபெயர்ப்பு என்ற பெயரில் கணினி துப்பியதை அப்படியே ஏற்றிவிடக் கூடாது. பால்வாடி டீச்சர் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, இது நான் அந்த அம்மாவிடம் பேசுவது போல இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் பக்கம் வெளியே வர வேண்டும்.

எழுத்தோடு நின்றுவிடவும் கூடாது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் அறிவு மையங்கள் தொடங்கியது. வில்லியனூர் அவற்றுக்கு நடுமையம். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அன்றாடம் வேண்டியது கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற செய்தி. அது அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் கிடைத்தது. அதை இறக்கி, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் கரை முழுக்கக் கேட்கும்படி வைத்தார்கள். கணினியைத் தொடாத மீனவருக்கும் இணையம் போய்ச் சேர்ந்தது. அதே திட்டத்தில் இருந்த இன்னொரு கிராமம் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை, அந்த மையத்தில் முன்பு வேலை செய்து பிறகு சிங்கப்பூர் போயிருந்த ஓர் இளைஞர், சுனாமிச் செய்தி அறிந்து ஊருக்குப் போன் செய்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். 3,000க்கும் மேற்பட்ட மக்கள் அந்த ஊரில் உயிர் தப்பினார்கள். படகுகள் போயின, மனிதர்கள் பிழைத்தார்கள்.

இன்று நமக்கு ஒலிபெருக்கியின் இடத்தில் இருப்பது வாட்ஸ்அப். அதைக் குறைவாகப் பேசும் நிபுணர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. டீச்சர்கள் உண்மையாகவே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது அங்கேதான். அறிவுத் தளத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடக் குரல் பதிவாகவும், வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய ஒரு படமாகவும் கிடைக்க வேண்டும். படத்தின் மூலையில் தேதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஐந்து வருடம் கழித்தும் 'ஃபார்வர்டு' ஆகிக்கொண்டே இருக்கும்.

மேலே போகும் வழிக்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். போன் சூடாகிறது, மெதுவாக ஓடுகிறது, தகவல் ஏற்ற வேண்டிய செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது என்பவை அவர்கள் சொன்ன குறைகள். நம் கட்டட வாசலில் பிள்ளைகளின் எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, கர்ப்பிணிப் பெண்களின் வீடு வீடாக ஏறி இறங்கும் பெண்கள் அவர்கள். அவர்களிடமிருந்து எண்களைக் கேட்டோம். எடை எத்தனை, உயரம் எத்தனை, வந்தவர் எத்தனை பேர். 'உனக்கு என்ன தெரியும்' என்று ஒரு கட்டம்கூட எந்தப் படிவத்திலும் இல்லை. மெலிந்த பிள்ளையைச் சாப்பிடவைக்க இருபது வருடமாக அவர்கள் செய்துவரும் வித்தை எந்தத் தரவுத்தளத்திலும் ஏறாமல் அவர்களோடு ஓய்வு பெற்றுப் போகிறது. எனக்கு இதில் தீராத வருத்தம்.

எழுதச் சொன்னால் அவர்கள் எழுத மாட்டார்கள். நேரம் இல்லை, எழுதிப் பழக்கமும் இல்லை. பேசச் சொன்னால் பேசுவார்கள். ஆகவே தளம் குரலை வாங்கிக்கொள்ள வேண்டும். 'அக்கா, இந்த மாசம் எந்தப் பிள்ளை விஷயத்துல சிரமப்பட்டீங்க, என்ன செஞ்சு பாத்தீங்க, எது பலிக்கல?' என்று ஓர் ஆள் போன் போட்டுக் கேட்டு, எழுதி, அவரிடமே படித்துக் காட்டி, அவர் சம்மதித்தால் அவர் பெயரோடு வெளியிட வேண்டும். எது பலிக்கவில்லை என்ற கேள்வி அதில் கட்டாயம். நன்கொடை கொடுப்பவருக்கு எழுதும் அறிக்கையில் எல்லாம் வெற்றியாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த ஊரில் அதே வேலையைத் தொடங்குபவருக்கு, இந்த வழியில் போகாதே என்ற செய்தி அதைவிடப் பெரிய உதவி. இரண்டையும் ஒரே தளத்தில் வைத்தால் முதலாவது இரண்டாவதைத் தின்றுவிடும். அதனால் விளம்பரத்துக்கான தளத்தையும் அறிவுக்கான தளத்தையும் தனித்தனியே வைக்கச் சொல்வேன்.

பிள்ளைகளின் குரலும் அதில் இருக்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் வந்தது, இந்தியா 1992இல் ஏற்றது. அதன் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் தன் கருத்தைச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குக் கொடுக்கிறது. 12 வயதுப் பெண்ணிடம் இந்தப் பக்கத்தைக் காட்டி, 'இதுல சொல்ற மாதிரி உங்கிட்ட ஒருத்தர் பேசினா உனக்கு எப்படி இருக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். நிபுணர் குழு விட்டதை அவள் பிடித்துவிடுவாள்.

பகிர்வதைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, பகிரக் கூடாததைச் சொல்லாமல் போனால் பாவம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவும் அதே திசையில் போகிறது. சட்டத்தின் எழுத்தைவிட அதன் கருத்து முக்கியம். நான் கொஞ்ச நேரம் முன்பு சொன்ன பையனையே பாருங்கள். பார்க்சைட், நான்கு வயது, தமிழ்க் குடும்பம், பேச்சு வரவில்லை, அப்பா பெயின்டர் என்று எழுதினால் பெயரே வேண்டாம். அந்தக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் ஆளைக் காட்டிவிடுவார்கள். நாளைக்கு அவன் வளர்ந்து வேலை தேடும்போது அது இணையத்தில் கிடக்கும். ஆகவே அறிவு மட்டும் போக வேண்டும், பிள்ளை தளத்துக்குள் போகக் கூடாது. ஊரைப் பெரிதாக்கி, வயதை ஒரு வரம்பாக்கி, அடையாளம் காட்டும் விவரத்தை உதிர்த்துவிட்டு, அதன் பிறகுதான் ஏற்ற வேண்டும். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கும், தளமே அதை அழித்துவிட்டு வாங்கிக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். கொடுமை பற்றி யாராவது தளத்தில் கேள்வி கேட்டால், பதிலுக்கு முன்னால் 1098ஐயும் காவல் நிலையத்தையும் காட்ட வேண்டும். போக்சோ சட்டப்படி தெரிந்ததைத் தெரிவிப்பது கட்டாயம், அதற்கு அறிவுத் தளம் மாற்று ஆகாது.

2021 ஜூலை 18ஐ இந்த ஊர் மறக்காது. கொட்டும் மழையில் செம்பூர் பாரத் நகரிலும் நம் விக்ரோலி சூர்யா நகரிலும் மண் சரிந்து, விடிவதற்குள் குடும்பங்கள் போயின. அந்தக் காலையை நினைத்துத்தான் நான் எந்தத் தளத்தையும் சோதிப்பேன். மின்சாரம் இல்லை, நெட்வொர்க் வந்து வந்து போகிறது. பக்கத்து வீட்டு அக்காவின் மடியில், பெற்றோர் எங்கே என்று தெரியாத ஒரு பிள்ளை. அந்த அக்காவுக்கு அப்போது என்ன வேண்டும்? பிள்ளையைக் கேள்வி மேல் கேள்வி கேட்காதே, நனைந்த துணியை மாற்று, தெரிந்த முகம் ஒன்றைப் பக்கத்தில் இருத்து, பொய் சொல்லாதே, டிவிக்காரர்கள் முன்னால் பிள்ளையை நிறுத்தாதே, முன்பின் தெரியாத யாரிடமும் தூக்கிக் கொடுத்துவிடாதே, குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரியப்படுத்து. இந்த ஏழு வரி மழைக்காலம் தொடங்கும் முன்பே, ஜூன் மாதமே, அவர் போனுக்குள் இறங்கியிருக்க வேண்டும். நெட் இல்லாமல் திறக்க வேண்டும். பேரிடரில் குழந்தைப் பாதுகாப்புக்கு உலக அளவில் குறைந்தபட்சத் தரநிலைகள் 2012இல் வந்து 2019இல் திருத்தப்பட்டன, மிகக் கவனமாகச் செய்த நல்ல வேலை. ஆனால் அது ஒரு தடித்த புத்தகம். அந்தப் புத்தகத்துக்கும் சூர்யா நகர் அக்காவுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கடப்பதுதான் தளத்தின் வேலை.

கடைசியாகப் பணம். தளம் கட்ட நிதி கிடைக்கும், திறப்பு விழாவுக்கும் கிடைக்கும். மூன்றாம் வருடம் பழைய பக்கங்களைத் திருத்தும் ஆளுக்குச் சம்பளம் கேட்டால் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், மென்பொருளுக்கு ஒதுக்குவதைப் பாதியாக வெட்டி, ஒவ்வொரு மொழிக்கும் நூலகர் மனம் கொண்ட ஓர் ஆளை முழு நேரம் வைப்பேன். டீச்சர்களுக்குப் போன் போடுபவர் அவர், பதில் இல்லாத கேள்விக்கு மருத்துவரையோ வக்கீலையோ துரத்துபவர் அவர், செத்துப்போன பக்கத்தை எடுத்துவிடுபவரும் அவர். தமிழுக்கு அந்த ஆள் மும்பையில் உட்காரலாம், மதுரையில் உட்காரலாம், யாழ்ப்பாணத்திலும் உட்காரலாம். கேள்விகள் மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

வெளியே வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பிள்ளைகளோடு வேலை செய்யும்போது உங்களுக்குப் பதில் கிடைக்காமல் போன கேள்வியை அதில் எழுதிவிட்டுப் போங்கள். தமிழோ மராத்தியோ இந்தியோ, உங்கள் வாயில் வருகிறபடியே எழுதுங்கள், இலக்கணம் பார்க்க வேண்டாம். எழுத விருப்பமில்லாதவர்கள் அங்கே இருக்கும் தங்கையிடம் சொன்னால் போனில் பதிந்துகொள்வாள். உங்கள் பெயரும் பிள்ளையின் பெயரும் வேண்டாம், என்ன வேலையில் இருக்கிறீர்கள் என்பது மட்டும் போதும். அந்தக் கேள்விகளைத்தான் தளத்தின் முதல் பக்கங்களாக எடுத்துக்கொள்ளப் போகிறோம். பதில் எழுதி முடித்ததும் வெளியிடும் முன்பு உங்களிடமே கொண்டுவந்து படித்துக் காட்டுவோம். அப்போது பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.